கல்லில் இல்லாத பெயர்கள்

இலண்டன் மாநகருக்குச் சென்று வரும் நம்மவர் தொகை பெருகி வருகிறது. பிள்ளைகள் அங்கே படிக்கின்றனர். மருமக்கள் அங்கே பணிபுரிகின்றனர். பேரப்பிள்ளையின் முகம் காணப் பெரியவர்களும் போய் வருகின்றனர். போனவர்கள் அரண்மனையைக் காண்கின்றனர்; தேம்ஸ் ஆற்றுப் பாலங்களைக் காண்கின்றனர்; பாராளுமன்ற மாளிகையின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். அம்மாளிகையின் தென்புறத்தில், ஆற்றங்கரையை ஒட்டி, விக்டோரியா டவர் தோட்டம் என்றொரு பூங்கா உண்டு. அப்பூங்காவிலே எண்கோண வடிவில், வண்ணம் பூத்த கூம்பு முடியோடு ஒரு நீரூற்று மண்டபம் நிற்கிறது. பக்ஸ்டன் நினைவு நீரூற்று என்பது அதன் பெயர். அடிமைகள் விடுதலை பெற்றதன் நினைவாக எழுப்பப்பட்டது அது.

அதனைக் கண்டு திரும்பும் நம்மவர், "அடிமைகளைத் தாமாகவே விடுவித்த வெள்ளையரின் பெருங்கருணைக்கு அது சான்று" என்று வியந்துரைக்கக் கேட்டிருக்கிறேன். படித்தவர்களே அவ்வாறு சொல்லக் கேட்டிருக்கிறேன். அக்கூற்று பாதி உண்மை. பாதி உண்மை முழுப் பொய்யைக் காட்டிலும் நெடுநாள் வாழும் ஆகையால், அதை மறுத்துரைப்பது கடமையாகிறது.

நீரூற்றை இடிக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. போய்ப் பாருங்கள் என்றே சொல்கிறேன். நானும் போய்ப் பார்த்தவன்தான். ஆனால், வெறுங்கண்ணோடு பார்க்காமல் படிப்பினை பெறும் கண்ணோடு பாருங்கள். பூமியில் பயணம் செய்து முன்னோர் முடிவு என்னவாயிற்று என்று நோக்குமாறு திருமறை பன்முறை பணிக்கிறதே, அந்த நோக்கு நமக்கு வேண்டும்.

கல் சொல்லும் செய்தி

முதலில் அக்கல் சொல்லும் செய்தியை நேர்மையாக எடுத்துரைப்போம். சார்லஸ் பக்ஸ்டன் என்னும் பாராளுமன்ற உறுப்பினர், கட்டடக் கலைஞர் சாமுவேல் டியூலன் என்பவரின் துணையோடு 1865-ஆம் ஆண்டில் அதனை வடிவமைத்தார். தம் தந்தையார் சர் தாமஸ் பவல் பக்ஸ்டனையும், அவரோடு உழைத்த வில்பர்போர்ஸ், கிளார்க்சன், மெக்காலே, புரூம், லஷிங்டன் முதலானோரையும் நினைவு கூர்வதே அவர் நோக்கம். 1807-இல் அடிமை வாணிபம் தடுக்கப்பட்டதும், 1834-இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டதும் அதில் குறிக்கப்பட்டுள்ளன. முதலில் அது பாராளுமன்றச் சதுக்கத்திலேயே நின்றது. 1949-இல் சதுக்கத்தைத் திருத்தி அமைத்தபோது பெயர்த்தெடுக்கப்பட்டு, 1957-இல் இப்பூங்காவில் மீண்டும் நிறுவப்பட்டது. 2007-இல், அடிமை வாணிபத் தடையின் இருநூறாம் ஆண்டை ஒட்டிப் புதுப்பிக்கப்பட்டது.

அம்மண்டபத்தின் மேற்புறத்தைச் சுற்றி எட்டு வெண்கல உருவங்கள் இருந்தன. யாருடைய உருவங்கள் என்று நினைக்கிறீர்கள்? விலங்கொடித்த அடிமைகளுடையனவா? அல்ல. பண்டைக் குறுநில மன்னன் கரக்டகஸ் தொடங்கி, ரோமானியக் கான்ஸ்டன்டைன், டேனியக் கனூட், ஆல்பிரட், வெற்றி வீரன் வில்லியம் என வந்து, விக்டோரியா அரசியோடு முடியும் பிரித்தானிய ஆட்சியாளர் வரிசை அது! 1960-இல் நான்கும் 1971-இல் நான்குமாக அவ்வெண்கல உருவங்கள் களவு போயின. 1980-இல் கண்ணாடி இழையால் செய்து வைத்த மாற்று உருவங்களும் நிலைக்கவில்லை.

வாதாடியவர்களின் பெயர்கள் கல்லில். ஆண்டவர்களின் உருவங்கள் உச்சியில். விடுதலை பெற்றவர்கள் எங்கே? அம்மண்டபத்தின் மூலக் கல்வெட்டில் ஓர் ஆப்பிரிக்கனின் பெயர் இல்லை. எவருடைய கண்ணீர் காரணமாக அந்நீரூற்று எழுந்ததோ, அவருக்கு அதில் இடமில்லை. இதுவே என் முதல் வழக்கு.

நீதி வழுவாது பேசுவோம்

ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகைமை உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்பது திருமறையின் கட்டளை. ஆதலின், கல்லில் பெயர் பெற்றவர்களின் நற்செயலை நான் குறைத்துப் பேசேன். தாமஸ் கிளார்க்சன் குதிரை மீதேறி நாடெங்கும் அலைந்து, துறைமுகம் துறைமுகமாகச் சென்று, மாலுமிகளிடம் சான்று திரட்டினார். கைவிலங்கையும் வாயை வலிந்து திறக்கும் கருவியையும் விலைக்கு வாங்கி வந்து மக்கள் முன் காட்டினார். வில்பர்போர்ஸ் தோல்விக்கு மேல் தோல்வி கண்டும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மசோதாவைக் கைவிடவில்லை. முதிய வயதில், விடுதலைச் சட்டம் நிறைவேறுவது உறுதியாயிற்று என்ற செய்தி செவியில் விழுந்த மூன்றாம் நாள் அவர் உயிர் நீத்தார். பக்ஸ்டன் அந்தச் சுமையைத் தம் தோளில் ஏற்று முடித்து வைத்தார். இவர்கள் நல்லவர்கள். நன்மை எவரிடம் தோன்றினும் நன்மையே.

ஆனால், நல்லவர் சிலர் இருந்தனர் என்பது ஒன்று. விடுதலை அவர்களின் நன்கொடை என்பது வேறொன்று. முன்னதை ஒப்புகிறேன். பின்னதை மறுக்கிறேன்.

ஹெய்ட்டித் தீவில் 1791-இல் கிளர்ந்தெழுந்த அடிமைகள், நெப்போலியனின் படையையே முறியடித்து 1804-இல் தனி நாடு கண்டனர். 1823-இல் டெமராராவில் ஆயிரக்கணக்கான அடிமைகள் எழுந்தனர், ஒடுக்கப்பட்டனர். 1831-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாள்களில் ஜமைக்காவில் சாம் ஷார்ப் என்னும் அடிமை, கூலியின்றி வேலை செய்யோம் என்று தம் மக்களைத் திரட்டினார். கிளர்ச்சி நசுக்கப்பட்டது, 1832 மே மாதத்தில் அவர் தூக்கிலிடப்பட்டார். அடுத்த ஆண்டே இலண்டனில் விடுதலைச் சட்டம் நிறைவேறியது. இதைத் தற்செயல் என்று எவரேனும் சொல்லத் துணிவாரா? இனியும் அடிமைத் தளையைப் பூட்டி வைத்தால் தீவுகளே கைவிட்டுப் போகும் என்ற அச்சம், கருணைக்குக் கைகொடுத்தது என்பதே வரலாறு. சாம் ஷார்ப்பின் பெயர் அக்கல்லில் இல்லை.

அடிமையாயிருந்து மீண்டு, 1789-இல் தம் வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்டு, இங்கிலாந்தின் ஊர்தோறும் சென்று பேசியவர் ஒலாடா எக்குவியானோ. அவர் பெயரும் இல்லை. படிப்படியாக விடுவிப்போம் என்று பெரியோர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, இன்றே இப்போதே விடுவியுங்கள் என்று 1824-இல் நூல் எழுதியவர் எலிசபெத் ஹெய்ரிக் என்னும் பெண்மணி. பாராளுமன்ற உறுப்பினர்களைப் போற்றும் கல்லில், அக்காலத்தில் வாக்குரிமையும் இல்லாத பெண்ணுக்கு எவ்வாறு இடம் கிடைக்கும்?

நம் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய இன்னொரு பெயரும் உண்டு. அபூபக்ர் அஸ்ஸித்தீக் என்பவர் திம்பக்துவில் பிறந்தவர். ஜென்னே நகரில் திருக்குர்ஆன் ஓதி வளர்ந்தவர். போரில் சிறைப்பட்டு, கடற்கரையில் விற்கப்பட்டு, ஜமைக்காவில் அடிமையானார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்கே கிடந்தும் அரபு எழுத்தை அவர் மறக்கவில்லை. எசமானனின் கணக்குகளை அரபு எழுத்திலேயே எழுதி வைத்தார். ரிச்சர்டு மேடன் என்னும் நீதிபதி அவருடைய கல்வியைக் கண்டு வியந்து, 1834-இல் அவர் விடுதலைக்கு வழி செய்தார். அபூபக்ர் தம் வரலாற்றை அரபியிலே எழுதிக் கொடுத்தார். கசையடிக்கிடையிலும் கலிமாவையும் கல்வியையும் காத்தவர் இத்தகையோர் எத்துணைப் பேரோ! விடுதலை என்பது பேச்சற்ற ஊமைகளுக்கு மேலிருந்து இடப்பட்ட பிச்சை அன்று என்பதற்கு அவர் எழுதிய ஏடே சாட்சி.

1834: யாருக்கு விடுதலை?

என் இரண்டாம் வழக்கு இன்னும் கடுமையானது. பிரித்தானிய ஆட்சிப் பகுதிகள் அனைத்திலும் 1834-இல் அடிமைகள் விடுதலை பெற்றனர் என்பது அந்நினைவுச் சின்னத்தின் முழக்கம். அச்சட்டத்தின் 64-ஆம் பிரிவை எடுத்துப் படியுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கும், இலங்கைத் தீவுக்கும், செயின்ட் ஹெலினாத் தீவுக்கும் இச்சட்டம் பொருந்தாது என்று அப்பிரிவு கூறிற்று. அதாவது, தமிழ் பேசும் நம் மக்கள் வாழ்ந்த நிலம் முழுவதும் அச்சட்டத்திற்கு வெளியே நிறுத்தப்பட்டது. தஞ்சைப் பண்ணைகளில் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட உழவடிமைக்கு 1834 எதையும் தரவில்லை. இந்தியாவில் அடிமை மீது உரிமை கொண்டாடும் வழக்கை நீதிமன்றம் ஏற்காது என்ற சட்டம் 1843-இல்தான் வந்தது. இலங்கையில் 1844-இல் வந்தது. அடிமையாக ஒருவனை வாங்குவதும் விற்பதும் குற்றம் என்று இந்தியத் தண்டனைச் சட்டம் அறுதியிட்டு, அது நடைமுறைக்கு வந்ததோ 1862-இல்.

கல்லின் முன் நின்று வியக்கும் தமிழரே! உம்முடைய பாட்டன் பூட்டன் காலத்து மண்ணை விலக்கி வைத்த சட்டத்துக்குத்தான் அந்த மண்டபம் எழுந்தது. இது தெரிந்துதான் வியக்கிறீரா?

சட்டம் பொருந்திய தீவுகளிலாவது முழு விடுதலை கிடைத்ததா? ஏறத்தாழ 8 இலட்சம் அடிமைகளில், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளே உடனே விடுபட்டனர். மற்றவர்கள் 'பயிற்சித் தொழிலாளர்' என்று பெயர் மாற்றப்பட்டு, பழைய எசமானனிடமே கூலியின்றி உழைக்குமாறு பணிக்கப்பட்டனர். பிறந்தது முதல் கரும்பு வெட்டியவனுக்குக் கரும்பு வெட்டப் பயிற்சியாம்! எதிர்ப்பு ஓங்கியதால் அம்முறை 1838-இல் முடிவுக்கு வந்தது.

அதற்கும் மேலே கேளுங்கள். விடுதலைக்காக இங்கிலாந்து அரசு 2 கோடி பவுன் ஒதுக்கியது. அந்நாளில் அரசின் ஓராண்டுச் செலவில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு அது. அப்பணம் யாருக்குப் போயிற்று? தலைமுறை தலைமுறையாக உழைப்பைப் பறிகொடுத்தவனுக்கா? இல்லை. பறித்தவனுக்கு! உடைமை போயிற்றே என்று எசமானனுக்கு இழப்பீடு. உழைப்பும் உடலும் உறவும் போனவனுக்கு ஒரு காசும் இல்லை. அதற்காக வாங்கிய கடனின் எச்சம் 2015-ஆம் ஆண்டில்தான் முற்றாக அடைக்கப்பட்டது. அங்கே குடியேறி வரி செலுத்தி வந்த நம் பிள்ளைகளும், அடிமைகளின் வழிவந்த கருநிற மக்களும் கூட, அறியாமலே அக்கடனுக்குப் பங்கு கொடுத்தவர்கள் ஆவர்.

இனி, விடுபட்டவர் தோட்டத்தை விட்டுப் போன பின் கரும்பை வெட்டியவர் யார்? அங்கேதான் நம்மவர் வருகின்றனர். மொரீசியசுக்கு 1834 முதலே இந்தியரை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு செல்லத் தொடங்கினர். கல்கத்தாவிலிருந்தும், சென்னையிலிருந்தும், பம்பாயிலிருந்தும் போனவர் ஏறத்தாழ 5 இலட்சம் பேர். 1860 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'டுரூரோ' என்னும் கப்பல் புறப்பட்டு, நவம்பர் 16-ஆம் நாள் 342 பேரோடு நேட்டாலின் டர்பன் துறையை அடைந்தது. தமிழ் பேசும் ஏழைகளே அவருள் பலர், முஸ்லிம்களும் இருந்தனர். பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இட்டனர். கைரேகை வைத்த ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது என்று அறிந்தவர் சிலரே. ஒப்பந்தக் கூலி முறையை அடிமை முறையோடு ஒன்றென்று சொல்வது மிகை. விற்கப்படவில்லை, காலவரை இருந்தது, கூலியும் இருந்தது. எனினும், அடிமை விட்டுப்போன கொட்டடியிலே குடியேறி, அதே கங்காணத்தின் கீழ், அதே கரும்பை வெட்டியவர் அவர். 1917 வரை இம்முறை நீடித்தது. நீரூற்று மண்டபம் எழுந்த 1865-ஆம் ஆண்டில் அக்கப்பல்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

மெக்காலே என்ற பெயரையும் விட்டுவிட இயலவில்லை. அக்குடும்பத்துத் தந்தை சக்கரி மெக்காலே அடிமை விடுதலைக்காக அரும்பாடுபட்டவர். மகன் தாமஸ் மெக்காலே, 1835-இல் இந்தியக் கல்வி பற்றிய குறிப்பை எழுதி, அரபு, சமஸ்கிருத நூல்களையெல்லாம் ஒரு சேர இகழ்ந்தவர். உடலின் விலங்கை ஒடிக்க உழைத்த வீட்டிலிருந்தே அறிவுக்கு விலங்கு செய்யும் கை வந்தது. ஒருவர் ஒரு நன்மை செய்தார் என்பதற்காக அவருடைய குலத்தையும் அரசையும் மொத்தமாகப் புகழ்வது எத்துணைப் பேதைமை என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

"உங்கள் நாடுகளில் அடிமைகள் இல்லையா?"

இவ்வளவும் சொன்னவுடன் எதிரே இருப்பவர் கேட்பார்: "முஸ்லிம் நாடுகளில் அடிமைகள் இல்லையா? சந்தைகள் இல்லையா?" நம்மிற் சிலர் உடனே சினங்கொள்கின்றனர். சிலர், இஸ்லாம் வந்த அன்றே அடிமை முறை ஒழிந்துவிட்டது என்று சாதிக்கின்றனர். இரண்டும் தவறு.

உண்டு ஐயா, உண்டு என்பதே நேர்மையான விடை. சான்சிபார்த் தீவின் அடிமைச் சந்தை 1873-இல்தான் மூடப்பட்டது. சவூதி அரேபியாவில் 1962-இலும், மௌரித்தானியாவில் 1981-இலும்தான் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. மௌரித்தானியாவில் அது தண்டனைக்குரிய குற்றமானது 2007-இல். அடிமையை விடுவிப்பதைக் குற்றங்களுக்குப் பரிகாரமாகவும், ஜகாத்தின் செலவினங்களுள் ஒன்றாகவும், ஏறுதற்கரிய மலைப்பாதை எனவும் வைத்த மார்க்கத்தைப் பெற்றிருந்தும், அரசர்களும் வணிகர்களும் அப்பாதையில் ஏற மறுத்தனர். அது மார்க்கத்தின் குறையன்று. நம் முன்னோரின் குறை. அக்குறையை மறைப்பவனுக்கு, இலண்டன் கல்லின் குறையைச் சுட்டும் தகுதி கிடையாது. துனீசியாவின் அஹ்மத் பே 1846-இல், பிரான்சுக்கும் அமெரிக்காவுக்கும் முன்னதாக, அடிமை முறையை ஒழித்தார் என்பது நமக்குப் பெருமைதான். அப்பெருமையைச் சொல்லும் வாயே மௌரித்தானியாவையும் சொல்ல வேண்டும்.

ஆயினும், நினைவு கூரும் முறை என்று வரும்போது நம் மார்க்கம் கற்பித்த ஒழுங்கு வேறு. அதை எடுத்துரைக்க நான் கூசவில்லை.

பிலால் (ரலி) அவர்களை விலை கொடுத்து வாங்கி விடுவித்தவர் அபூபக்ர் (ரலி) அவர்கள். விடுவித்தவரை நாம் போற்றுகிறோம். ஆனால், சுடுமணலில் மார்பின் மீது பாறை ஏற்றப்பட்ட நிலையிலும் இறைவன் ஒருவனே என்று முழங்கிய பிலாலை மறந்தா போற்றுகிறோம்? அவ்விருவரையும் ஒருங்கே குறிப்பிட்ட உமர் (ரலி) அவர்கள், 'ஸய்யித்', அதாவது தலைவர் என்ற ஒரே சொல்லை இருவருக்கும் வழங்கினார்கள். விடுவித்தவரும் தலைவர், விடுபட்டவரும் தலைவர். பாங்கு ஒலிக்கும் இடமெல்லாம் நினைவுக்கு வருபவர் விடுபட்டவரே.

அடிமை உடன்படிக்கை எழுதி விடுதலை கேட்டால் எழுதிக் கொடுங்கள். இறைவன் உங்களுக்கு அளித்த பொருளிலிருந்து அவர்களுக்கும் கொடுங்கள் என்ற கருத்து அந்நூர் அத்தியாயத்தில் இருக்கிறது. உடன்படிக்கைத் தொகை எசமானனுக்குத்தானே போகிறது என்று கேட்கலாம். உண்மை. ஆனால், அத்தொகையில் ஒரு பகுதியை எசமானன் தள்ளிக் கொடுப்பது கட்டாயக் கடமை என்பது இமாம் ஷாஃபிஈ அவர்களின் தீர்ப்பு. ஹனஃபி மத்ஹபில் அது விரும்பத்தக்க செயல். விடுபட்டவன் வெறுங்கையோடு வெளியேறலாகாது என்பதே இரண்டின் உட்கிடை. 2 கோடி பவுனில் ஒரு காசும் அடிமைக்கு ஒதுக்காத சட்டத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி நீர் பற்றிச் சொல்வேன். நினைவு நீர் நமக்குப் புதிதன்று. மதீனாவில் ரூமா என்னும் கிணற்றை உஸ்மான் (ரலி) அவர்கள் விலைக்கு வாங்கிப் பொதுவாக்கினார்கள். அதில் அவர்கள் வாளியும் மற்றவர் வாளியும் சமம் என்பதே நிபந்தனை. கெய்ரோ நகரில் 1744-இல் அப்துர் ரஹ்மான் கத்குதா கட்டிய ஸபீலில், கீழே வழிப்போக்கருக்குத் தண்ணீர். மேலே குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம். அங்கும் கட்டியவர் பெயர் உண்டு. கொடுத்தவர் பெயர் பொறிப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் உலகிலேயே மிகப் பெரிய நினைவு நீர் எது? ஸம்ஸம் அல்லவா! அது யாருடைய நினைவு? அன்னை ஹாஜர் (அலை) அவர்களுடையது. அவர்கள் அரச குலத்தவர் என்று உரைப்போரும் உளர். எனினும் புகாரி அறிவிப்பின்படி எகிப்தின் கொடிய மன்னனால் பணிவிடைக்கென்று கொடுக்கப்பட்டவர்கள் அவர்கள். பாலை நிலத்தில், நீர் தீர்ந்து, பால் வற்றி, பச்சிளங்குழந்தை துடிக்க, இரு குன்றுகளுக்கிடையே ஏழு முறை ஓடினார்கள். அந்த ஓட்டத்தை இறைவன் ஹஜ்ஜின் கடமையாக்கினான். இன்று அரசனும் ஓடுகிறான், ஆண்டியும் ஓடுகிறான். எல்லோரும் ஒரு பணிப்பெண்ணின் காலடித் தடத்தில் ஓடுகின்றனர். அங்கே ஸஃபாவின் உச்சியில் எட்டு மன்னர் உருவங்கள் இல்லை. நீர் கொடுத்தவன் இறைவன். நினைக்கப்படுபவர் தாகத்தில் தவித்தவர். நினைவுச் சின்னம் என்றால் இதுவன்றோ!

நம் வீட்டு மண்பானை

இவ்வளவு உயர்ந்த பாடம் கையிலிருந்தும் நாம் செய்வது என்ன? பள்ளிவாசலில் மின்விசிறியின் இறக்கை சுழலும்போது படிக்க முடியாது என்பதால், அது நிற்கும்போது படிக்குமாறு பெரிய எழுத்தில் பெயர் எழுதுகிறோம். குழல் விளக்கின் பாதி வெளிச்சத்தை நன்கொடையாளர் பெயரே மறைக்கிறது. தண்ணீர்த் தொட்டியில் இனிஷியலோடு மூன்று தலைமுறைப் பெயர்கள். அத்தொட்டிக்குக் குழி தோண்டியவன் பெயர் எவருக்கேனும் தெரியுமா? அவன் கூலி, வியர்வை உலர்வதற்கு முன் கொடுக்கப்பட வேண்டும் என்று அண்ணலார் (ஸல்) அவர்கள் பணித்தபடி கொடுக்கப்பட்டதா? முகஸ்துதியின் விதை இலண்டனில் மட்டும் முளைப்பதன்று.

வீட்டுக்குள்ளும் வருவோம். பாத்திரம் துலக்கும் பெண்ணுக்கென்று தனிக் குவளை வைத்திருக்கும் முஸ்லிம் வீடுகள் இல்லை என்று சத்தியம் செய்ய எவரால் முடியும்? ஸம்ஸம் நீரைப் புட்டியில் கொண்டு வந்து உறவினருக்கெல்லாம் பங்கிட்டுவிட்டு, அந்தப் பெண்ணுக்குத் தனிக் குவளையில் குழாய் நீர் கொடுப்பது எவ்வகை மார்க்கம்? ஹாஜர் அன்னையின் ஓட்டத்தை மக்காவில் ஓடிவிட்டு வந்தவர், தம் அடுக்களையில் காலை முதல் மாலை வரை ஓடும் ஒருத்தியைக் காணாதிருப்பது என்ன கண்?

நம் பிள்ளைகள் பொருள் தேடிச் சென்ற வளைகுடா நாடுகளில், தொழிலாளியின் கடவுச்சீட்டைப் பறித்து வைத்துக்கொள்ளும் வழக்கம், சட்டங்கள் தடுத்த பின்னும் முற்றாக மறையவில்லை. நம் வீட்டுப் பிள்ளைக்கு அது நேர்ந்தால் கதறுகிறோம். அதே நம்மவர் அங்கே ஒரு கடைக்கு உரிமையாளராகி, ஊரிலிருந்து அழைத்துச் சென்ற ஏழைப் பையனின் கடவுச்சீட்டைப் பெட்டியில் பூட்டினால் வாய் மூடிக்கொள்கிறோம். நம் நாட்டில் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. ஆயினும், முன்பணம் கொடுத்துக் குடும்பத்தோடு கட்டிப்போடும் செங்கற் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் மனிதர்கள் மீட்கப்படும் செய்தி அதன் பின்னும் வந்துகொண்டுதான் இருந்தது. ஜகாத்தின் எட்டுப் பங்குகளை மேடையில் அடுக்கும்போது, அடிமை மீட்பு என்ற பங்கு வந்தவுடன் 'இக்காலத்தில் இது இல்லை' என்று சொல்லிக் கடந்து விடுகிறோம். இல்லையா? கடனுக்கு ஈடாக மனிதன் கட்டுண்டு கிடக்கும் சூளைக்குச் சென்று பார்த்துவிட்டு ஒரு முறை அவ்வாறு சொல்லுங்கள். ரிகாப் என்ற பங்கு இவர்களுக்குப் பொருந்துமா, அன்றிக் கடனாளிகள் என்ற பங்கு பொருந்துமா என்பதை மார்க்க அறிஞர்கள் ஆய்ந்து சொல்லட்டும். இரண்டில் ஒன்றாவது பொருந்தாமற் போகாது.

பார்ப்பவர் கேட்க வேண்டியவை

ஆகவே, இலண்டன் செல்லும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பூங்காவுக்குக் கட்டாயம் போங்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போங்கள். கல்லில் உள்ள பெயர்களைப் படித்துக் காட்டி, அவர்கள் செய்த நன்மையைச் சொல்லுங்கள். அதன் பின், கல்லில் இல்லாத பெயர்களையும் சொல்லுங்கள்: சாம் ஷார்ப், எக்குவியானோ, ஹெய்ரிக் அம்மையார், அபூபக்ர் அஸ்ஸித்தீக், டுரூரோ கப்பலில் எண்ணிட்டு ஏற்றப்பட்ட 342 பேர். 64-ஆம் பிரிவைச் சொல்லுங்கள். 2 கோடி பவுன் யாருக்குப் போயிற்று என்று சொல்லுங்கள்.

பிறகு எந்த ஊரில் எந்த நினைவுச் சின்னத்தைக் கண்டாலும், நம் ஊர்ப் பள்ளிவாசல் தண்ணீர்த் தொட்டி உட்பட, மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்குங்கள். யாருடைய துன்பத்தால் இது எழுந்தது? யாருடைய பெயர் இதில் இருக்கிறது? அவ்விரண்டும் வேறு வேறாயின், இடையில் மறைக்கப்பட்ட கணக்கு என்ன?

மொரீசியசின் துறைமுகத்தில், ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய கட்டடத்தின் கற்படிகள் இன்றும் காக்கப்படுகின்றன. 2006-இல் அவ்விடம் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது. தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த லெ மோர்ன் மலை 2008-இல் அப்பட்டியலில் சேர்ந்தது. அங்கே கோபுரமும் இல்லை, மன்னர் உருவமும் இல்லை. ஏறி வந்த கால்களின் தேய்மானம் தாங்கிய படிகளும், ஒளிந்தவருக்கு இடங்கொடுத்த பாறையும்தான் இருக்கின்றன. துன்புற்றவரை நடுவில் வைத்து நினைவு கூர்வது இயலாத காரியமன்று என்பதற்கு அவையே போதும்.

நம் கையில் உள்ள காரியமோ இன்னும் எளிது. அதற்குக் கொத்தனும் வேண்டாம், கல்வெட்டும் வேண்டாம். வேலைக்காரப் பெண்ணின் தனிக் குவளையை எடுத்தெறிந்துவிட்டு, நாம் குடிக்கும் குவளையில் அவளுக்கு நீர் கொடுப்பது. சூளையில் கிடப்பவனின் கடனை ஜமாஅத்தாகக் கூடித் தீர்ப்பது. பெட்டியில் பூட்டிய கடவுச்சீட்டை உரியவன் கையில் கொடுப்பது. இவற்றைச் செய்யாத கைக்கு, பக்ஸ்டன் மண்டபத்தின் குறையைச் சுட்டிக்காட்ட விரல் நீட்டும் உரிமை இல்லை. செய்த கை நீட்டட்டும். அப்போது சொல்லும் சொல்லுக்கு எடை இருக்கும். அந்த எடையை நம் சொல்லுக்கும் செயலுக்கும் வல்ல நாயன் அருள்வானாக.